கூரைமேல் நின்ற மீன்முள்

பள்ளி விடுமுறை ஒன்றில், சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் வாழும் என் மகளின் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தேன். எனக்கென ஒதுக்கிய சிற்றறையில் சிறிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. ஆனால் அதன் வடத்தைச் செருகுவதற்குச் சுவரில் துளை இல்லை. அது கூடத்தில் மட்டுமே உண்டு. "அந்த டிவி சும்மாதான்பா கெடக்குது. நீங்க ஹாலுக்கு வந்து பாருங்க" என்றாள் மகள்.

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்தவனுக்கு இஃது ஒரு கணக்குப்போல் தோன்றியது. கடைத்தெருவுக்குச் சென்று, மீன்முள் வடிவில் அமைந்த சிறு அலைவாங்கி ஒன்றை வாங்கி வந்தேன். முதலில் அதைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். படம் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்து நின்றது. சன்னலோரம் கொண்டுசென்றேன், ஆங்கு இரும்புக் கம்பி வலை வழிமறித்தது. வலைக்கதவைத் திறந்து, கருவியின் முனையை மேற்கே புக்கிட் பாத்தோக் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசை நோக்கித் திருப்பிய பின்னரே வசந்தம் ஒளிவழி தெளிவாக வந்தது. அந்தக் கருவிக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள தொடர்பை எண்ணி, அன்றிரவு நெடுநேரம் உறக்கமின்றிக் கிடந்தேன்.

நம்மவர் 'ஏரியல்' என்று சொல்லிப் பழகிய இக்கருவி, ஜப்பானின் சென்டாய் நகரில் உள்ள தொகோகு பல்கலைக்கழகத்தில் பிறந்ததாகும். 1926ஆம் ஆண்டில் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி. மற்றவர் அவருடன் பணியாற்றிய ஷின்டாரோ உடா. ஆய்வின் பெரும்பகுதி உழைப்பு உடாவினுடையது. எனினும் உலகம் இதை 'யாகி' என்றே அழைக்கலாயிற்று. இளையவரின் உழைப்பு மூத்தவரின் பெயரில் வழங்குவது பள்ளிகளிலும் நடப்பதே. அதனை இங்கு விரிக்க வேண்டா.

இதன் அமைப்பு எளிது. குறுக்குக் கம்பிகளுள் ஒன்று மட்டுமே வடத்தோடு இணைந்து அலையை வாங்கும். அதன் நீளம் ஏறத்தாழ அலைநீளத்தில் பாதி. அதற்குப் பின்னால் சற்று நீண்ட கம்பியொன்று நின்று, அலையை முன்னோக்கித் திருப்பும். முன்னால் நிற்கும் சற்றுக் குட்டையான கம்பிகள், எதிரேயிருந்து வரும் அலையை ஒருமுகப்படுத்தும். ஆதலால் இக்கருவி நோக்கிய திசையில் கூர்மையாகவும் பிற திசைகளில் மந்தமாகவும் கேட்கும். சிங்கப்பூரின் பழைய ஐந்தாம் ஒளிவழி 175 மெகாஹெர்ட்ஸ் அளவில் வந்தது. அதற்கு வேண்டிய கம்பி ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். 500 மெகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள இக்கால மின்னிலக்க ஒளிபரப்புக்கு 30 சென்டிமீட்டர் போதும். கூரைமேல் நின்றது இன்று அறைக்குள் அடங்குவதற்கு இதுவே காரணம்.

தாய்நாட்டில் இக்கண்டுபிடிப்பை மதித்தோர் சிலரே. மேனாட்டாரோ அதை எடுத்துப் பயன்படுத்தினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்கு ஜப்பானியர் கைப்பற்றியவற்றுள், நியூமன் என்னும் பிரிட்டிஷ் ரேடார் வீரரின் குறிப்பேடும் ஒன்று. அதில் 'யாகி' என்ற சொல் மீண்டும் மீண்டும் வந்தது. ஜப்பானிய அதிகாரிகளுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. அதை எவ்வாறு ஒலிப்பது என்பதுகூடத் தெரியவில்லை. இறுதியில், போர்க்கைதியாயிருந்த அவரையே வினவினர். அஃது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று கைதி சொல்லித்தான் வென்றவர் அறிந்தனர். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின்மீது வீசப்பட்ட குண்டுகளிலும், உயரம் அளக்கும் ரேடாருக்கு இவ்வகை அலைவாங்கிகளே பொருத்தப்பட்டிருந்தன.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி முன்னோட்ட ஒளிபரப்பைப் பண்பாட்டு அமைச்சர் எஸ். இராசரத்தினம் தொடக்கிவைத்ததும் பிப்ரவரி 15ஆம் நாளே, ஆண்டு 1963. அவ்வாண்டு டிசம்பர் 28இல் கோலாலம்பூரிலும் தொலைக்காட்சி தொடங்கியது. அதன்பின் நகரத்துக் கூரைகளிலும், மெல்ல மெல்லத் தோட்டத்து வீட்டுக் கூரைகளிலும் மீன்முட்கள் முளைத்தன.

நான் பிறந்தது தென் ஜொகூரில் ஒரு இரப்பர்த் தோட்டத்தில். எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டி கார் பேட்டரியில் ஓடியது. பேட்டரி இறங்கினால் மிதிவண்டியில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஏரியலை மூங்கில் கழியில் கட்டியிருந்தோம். தெற்கே திருப்பினால் சிங்கப்பூர். வேறு பக்கம் திருப்பினால் நம் நாடு. தந்தையார் வெளியே கழியைத் திருப்புவார். "தெரியுதா?" என்பார். "இன்னும் கொஞ்சம்பா!" என்று உள்ளிருந்து நான் கத்துவேன். மழைநாளில் தட்டை வடம் நனைந்துவிட்டால், திரை முழுதும் பனி பெய்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள்தாம்.

என் தாத்தா சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, உயிரோடு திரும்பியவர். உடன் சென்ற அவர் தம்பி திரும்பவில்லை. "சப்பான்காரன் சாமான் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்பது அவர் இட்ட சட்டம். ஆதலின் தந்தையார் விலை கூடினாலும் வேறு நாட்டுப் பெட்டியையே தேடி வாங்கினார். கூரைமேல் நின்ற கம்பியின் பிறப்பை எங்கள் வீட்டில் ஒருவரும் அறியார். அதனடியில் அமர்ந்துதான், தாத்தா தம் இறுதிக் காலத்தில் வாரந்தோறும் தமிழ்ப்படம் பார்த்து மகிழ்ந்தார். நான் இவ்வரலாற்றை அறிந்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றே எண்ணுகிறேன்.

2019ஆம் ஆண்டில் இரு நாடுகளிலும் பழைய அலைமுறை ஒளிபரப்பு நின்றுபோயிற்று. வெள்ளைப் புள்ளிகளும் இரட்டை உருவங்களும் அத்தோடு மறைந்தன. இன்று படம் முழுதாக வரும், அல்லது உடைந்து உறைந்து போகும். கழியைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தெளிவைக் கூட்டும் வேலை இல்லை.

ஊர் திரும்பும் நாளில் அலைவாங்கியைக் கழற்றப் போனேன். "அது அங்கேயே இருக்கட்டும் தாத்தா" என்றான் பேரன். சன்னல் வலையை மூடும்போது அதைத் தட்டிவிடாதே என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.