அரியலும் அரியலூரும்

அரியல்னா சங்கத் தமிழ்ல கள்ளு. அரிச்சு, வடிகட்டி எடுத்த கள்ளு. "அப்போ அரியலூர்?"னு பெரம்பலூர்க்காரங்க நக்கலா சிரிக்க வேண்டாம் :-) ஊர்ப்பேருக்கு 'அரி இல் ஊர்', பெருமாள் இருக்கிற ஊர்னுதான் காரணம் சொல்றாங்க. எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் அரிசி களைஞ்சு கல் அரிக்கிறதுதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டும் ஒரே 'அரித்தல்'தான்.

கள்ளை மரத்திலிருந்து இறக்குறதுதான் நமக்குத் தெரியும். சங்கப் பாட்டுல கள்ளை 'அடுவார்கள்'. அடுதல்னா சமைக்கிறது; அடுப்பு, அடுக்களை எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். அப்போ சமைச்சது யாரு?

சிறுபாணாற்றுப்படையில எயிற்பட்டினத்துல ஒரு நுளையர் வீட்டுப் பெண். படுத்துத் தூங்கும் ஒட்டகம் மாதிரி அலை ஒதுக்கின வாசனைக் கட்டைகளை எரிச்சு, தேறலை அரிச்சுத் தர்றா. வர்ற பாணருக்குப் பரதவர் அதை ஊத்திக் கொடுக்கிறாங்க. தயாரிப்பு அவ, விருந்தோம்பின பேரு அவங்களுக்கு! பெரும்பாணாற்றுப்படையில ஒரு பட்டினத்துல, கள் சமைக்கிற பெண்கள் வட்டில் கழுவின தண்ணி வழிஞ்சு சேறாகி, அதுல பன்னிக்குட்டிங்க புரளுது. அவ்வளவு தண்ணி வழியணும்னா தொழிலும் பெருசாத்தான் நடந்திருக்கணும்.

அதே நூல்ல செய்முறையே இருக்கு. சரியாத் தீட்டாத அரிசியைக் களியாத் துழாவி, வாயகன்ற தட்டுல ஆறவச்சு, முளைகட்டின தானியத்தை இடிச்சுக் கலந்து, சாடியில ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி வைக்கணும். அப்புறம் விரலால அலைச்சுப் பிழியணும். முளைதான் இங்க சூட்சுமம். அரிசி மாவுச்சத்தைச் சர்க்கரை ஆக்குறது அதுதான். பனங்கள்ளுக்கு இது தேவையே இல்லை. ஆக இது பீர்தான் சாமி!

சுமேரியாவுல பீருக்கு நின்காசினு பெண் தெய்வமே உண்டு. அவளைப் பாடுற பாட்டுக்குச் சுமார் 3800 வயசு. இங்கிலாந்துலயும் 1300 வாக்குல ஏல் காய்ச்சினது பெரும்பாலும் பெண்கள். ஹாப்ஸ் போட்ட பீர் வந்து, முதல் போட்டுப் பெருசா செய்யற தொழிலானதும், 1600க்குள்ள அது ஆம்பளைங்க கைக்குப் போயிடுச்சு.

நம்ம பக்கம் 1886ல சென்னை அப்காரிச் சட்டம் வந்துச்சு. லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா குற்றம். 1937ல மதுவிலக்குச் சட்டம், 1983ல டாஸ்மாக். 2017ல பல ஊர்ல பெண்கள் ரோட்டுக்கு வந்து டாஸ்மாக் கடையை மூடச் சொன்னாங்க. குடியால அடிபட்டவங்க, வேற என்ன செய்வாங்க? ஆனா அந்தச் சாடிக்கு ஒரு காலத்துல சொந்தக்காரியும் பெண்தாங்கிறது நம்ம பேச்சுல எங்கயுமே வர்றதில்லை.

எங்க பக்கம் கம்பு மாவை ராத்திரி கரைச்சு வச்சு, காலையில நொய் போட்டுக் காய்ச்சுறாங்க. மாவு எவ்வளவு நேரம் புளிக்கணும்னு கடிகாரம் பார்த்து யாரும் சொல்ல மாட்டாங்க. மூடியைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "இன்னும் ஆகலை"ம்பாங்க.