ஊக்கும் எலும்பும்

சென்ற மழையில் செம்பாக்கத்தில் எங்கள் தெரு அம்மா ஒருவர் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் 'ஃபிபுலால லேசா விரிசல்' என்றார். 'அது எதுங்க?' என்று கேட்டதற்குத் தன் காலைத் தொட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்த அம்மா, தளர்ந்துபோன கட்டைத் தாலியில் கோத்து வைத்திருந்த ஊக்கை எடுத்து இறுக்கிக்கொண்டார். ஃபிபுலா என்றாலே ஊக்குதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பழைய ரோமில் தைக்காத துணியைத் தோளில் சேர்த்துக் குத்துகிற உலோக ஊசிக்கு ஃபிபுலா என்று பேர். சுருள், ஊசி, கொக்கி என்ற அதே அமைப்பைத்தான் 1849இல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் சேஃப்டி பின்னாகக் காப்புரிமை செய்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். தடித்த உள்ளெலும்புக்கு டிபியா, அதாவது குழல். அதன் பக்கத்தில் ஊசிபோல ஒட்டிக் கிடக்கிற மெல்லிய வெளியெலும்பு ஃபிபுலா. இதுவும் லத்தீனின் சொந்தக் கற்பனை அல்ல. கிரேக்கர்கள் ஊசிக்கும் அந்த எலும்புக்கும் 'பெரோனே' என்ற ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். லத்தீன் அதை மொழிபெயர்த்துக்கொண்டது. அறிவியலின் மூலமொழி என்று நாம் பயந்து பார்க்கிற மொழியே மொழிபெயர்ப்பில் வளர்ந்ததுதான். அதுவும் துணிமணிப் பெட்டியிலிருந்து சொல் எடுத்து.

நம்மிடம் தைக்காத துணி உண்டு. ஆனால் நாம் முடிச்சுப் போட்டோம், கொசுவம் செருகினோம். ஊக்கு பின்னால் வந்தது. எலும்புக்கு? கறிக்கடைக்காரர் 'நல்லி' என்கிறார். அது பெரும்பாலும் டிபியா. ஆடுமாடுகளுக்கு ஃபிபுலா தேய்ந்து ஒரு துணுக்காகிவிட்டது. வெட்டுகிறவர் கையில் தட்டுப்படாத எலும்புக்கு அவர் பேர் வைக்காததில் வியப்பில்லை. எலும்பைத் தொட்டு அறிந்த கைகளைத் தாழ்வாக வைத்த சமூகத்தில், அவர்கள் வைத்த பேர்களும் நூலேறவில்லை.

நூலேற்ற முயன்றவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் வந்தவர். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஊரில் தங்குவதில்லை என்று கண்டு, 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. அதன் தலைப்பே வடமொழி. கலைச்சொல் என்றால் கௌரவமான உடை போட்டிருக்கவேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. 1873இல் அவர் ஊர் திரும்பினார். அந்த முயற்சி நீடிக்கவில்லை.

தமிழ்நாட்டில் இன்றும் எம்.பி.பி.எஸ். வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தமிழில் சொல் இல்லை என்கிறார்கள். சொல் இல்லை என்பது பாதி உண்மை. சமையலறையிலும் சந்தையிலும் கிடக்கிற சொல்லைச் சொல்லாக மதிக்கவில்லை என்பது மீதி. 'ஊக்கெலும்பு' என்றால் யார் சிரிப்பார்கள்? ரோமானியன் சிரிக்கமாட்டான். அவனும் அதையேதான் சொன்னான். செம்பாக்கத்து அம்மாவும் சிரிக்கமாட்டார். அவருக்குப் புரிந்திருக்கும். தன் உடம்பில் எது உடைந்தது என்று தெரிந்துகொள்வது அவருடைய உரிமை. கலைச்சொல் விவாதத்தை நாம் அங்கிருந்து தொடங்கவேண்டும்.