தெப்பத்து மேல ஒரு ஆன்டெனா

அபார்ட்மென்ட்ல குடியிருந்துகிட்டு ஹாம் ரேடியோ பண்றவங்ககிட்ட பேசிப் பாருங்க. ரெண்டே புலம்பல்தான்: ஆன்டெனா கட்ட இடம் இல்ல, எர்த் குடுக்க மண் இல்ல. இந்த ரெண்டுமே உயிர்ப் பிரச்சினையா இருந்த ரெண்டு நார்வேக்காரங்களோட கதைதான் இன்னைக்கு. ஒருத்தர் டோர்ஸ்டெய்ன் ராபி, இன்னொருத்தர் க்னூட் ஹாக்லாண்ட்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. ஆன்டெனா எவ்வளவு நீளம்னு நம்ம இடத்தைப் பார்த்து முடிவு பண்ண முடியாது. அலைநீளம்தான் முடிவு பண்ணும். 40 மீட்டர் அலைவரிசைன்னா, செங்குத்தா நிக்கிற ஆன்டெனாவுக்கு அதுல கால் பங்கு, சுமார் 10 மீட்டர் கம்பி வேணும். கீழே அதுக்கு ஜோடியா நல்ல எர்த் வேணும். காய்ஞ்ச மண்ணா இருந்தா, அனுப்புற சக்தியில கணிசமான பங்கு சூடாகி மண்ணுலயே வீணாகும்.

இரண்டாம் உலகப் போர். நார்வே ஜெர்மனியோட பிடியில. வடகோடியில ஆல்டா ஊர்ப் பக்கம் டிர்பிட்ஸ்ங்கிற ராட்சசப் போர்க்கப்பல் நிக்குது. அதோட நடமாட்டத்தை பிரிட்டனுக்கு ரகசியமா அனுப்புறதுதான் ராபியோட வேலை. டிரான்ஸ்மிட்டரை ஒளிச்சு வைக்கலாம். வெளியில தொங்குற கம்பியை எப்படி ஒளிக்கிறது? ராபி ஒளிக்கவே இல்ல. ஒரு ஜெர்மன் அதிகாரி ரேடியோ கேக்கறதுக்காகக் கட்டி வச்சிருந்த ஆன்டெனாவுலேயே ராத்திரி தன் பெட்டியை மாட்டிட்டார்! அலையைப் பிடிக்கிற கம்பி, அனுப்பவும் செய்யும். எதிரியோட கம்பியில எதிரியைப் பத்தின செய்தி, சுமார் 10 மாசம்.

ஹாக்லாண்ட் அவ்வளவு சுலபமா தப்பிக்கல. 1944 ஏப்ரல், ஆஸ்லோ. ஒரு மகப்பேறு மருத்துவமனையோட புகைபோக்கிக்குள்ள டிரான்ஸ்மிட்டரை மறைச்சு வச்சிருந்தார். ஆனா ஆன்டெனா எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ, அவ்வளவு நல்லா அது நம்மளைக் காட்டியும் குடுக்கும். அலை வர்ற திசையை அளந்தே கெஸ்டபோ கட்டிடத்தைக் கண்டுபிடிச்சுச் சுத்தி வளைச்சது. மாடியிலேருந்து சுட்டுகிட்டே கீழே இறங்கி, சுவர் ஏறிக் குதிச்சுத்தான் அவர் தப்பினார்.

மூணு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே இடத்துல. 1947 ஏப்ரல் 28, பெரு நாட்டுத் துறைமுகம் கயாவோ. தோர் ஹேயர்டால் தலைமையில 6 பேர், பால்சா மரத்தெப்பமான கோன்-டிக்கியில பசிபிக் கடலைக் கடக்கக் கிளம்புறாங்க. போர்க்காலத்துல யாருக்கும் கேட்டுடக் கூடாதேன்னு பயம். இப்ப யாருக்குமே கேக்காம போயிடுமோன்னு பயம்.

தெப்பத்தோட நீளம் சுமார் 14 மீட்டர்தான். டிரான்ஸ்மிட்டரோட சக்தி 6 வாட், ஒரு சின்ன எல்இடி பல்பு அளவு. அழைப்புக்குறி எல்ஐ2பி. உயரத்துக்கு வழி தேடி பலூன்லயும் பட்டத்துலயும் ஆன்டெனாக் கம்பியைக் கட்டிப் பறக்க விட்டாங்க. தெப்பத்துல வளர்த்த கிளி ஒரு நாள் கம்பியைக் கடிச்சே துண்டாக்கிடுச்சு.

எர்த்? இரும்புக் கப்பல்னா உடம்பே கடலோட பேசும். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனா சுத்தி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு உப்புத் தண்ணி. செங்குத்து ஆன்டெனாவுக்கு உப்புத் தண்ணியை விட நல்ல தரை இந்த பூமியில கிடைக்காது. அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வா கிளம்பி ரொம்ப தூரம் போகும். ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஆஸ்லோவுல ஒருத்தருக்கே அவங்க சிக்னல் கேட்டுச்சு. மறுநாள் 75 வயசு ஆகப்போற நார்வே மன்னர் ஹாக்கோனுக்குத் தெப்பத்துலேருந்து பிறந்தநாள் வாழ்த்து போச்சு.

ஆகஸ்ட் 7, 101-ஆவது நாள். ரரோயா பவளத்திட்டுல தெப்பம் மோதுது. மோதுறதுக்கு முன்னாடி ஹாம் ஒருத்தர்கிட்ட சொல்லியிருந்தாங்க: 36 மணி நேரம் எங்க சத்தம் வரலைன்னா வாஷிங்டன்ல இருக்கிற நார்வே தூதரகத்துக்குச் சொல்லிடுங்கன்னு. கரையேறினப்போ ரேடியோ முழுக்க உப்புத் தண்ணி. இத்தனை நாள் தரையா நின்னு காப்பாத்துன அதே கடல், இப்ப பெட்டிக்குள்ள புகுந்து மூச்சை அடைச்சிருந்துச்சு. ஒவ்வொரு பாகமா வெயில்ல காய வச்சு, கையால ஜெனரேட்டரைச் சுத்தி, கெடு முடியற நேரத்துல "எல்லாரும் நலம்"னு செய்தி போய்ச் சேர்ந்தது.

ராபி 1964-ல வடதுருவத்தை நோக்கிப் போன ஒரு பயணத்துல இறந்துட்டார். ஹாக்லாண்ட் ஆஸ்லோவுல கோன்-டிக்கி அருங்காட்சியகத்தைப் பல வருஷம் நடத்தி, 2009 வரைக்கும் வாழ்ந்தார். அந்தத் தெப்பம் இன்னமும் அங்கதான் இருக்கு. போனா, அந்த மூங்கில் குடிசையைப் பாருங்க. 6 பேர் படுத்துத் தூங்குன அதே குடிசைக்குள்ளதான் ஒரு மூலை ரேடியோவுக்கும் கிடைச்சது.