தண்ணிக்குத் தண்ணி பிடி மாறும்

கண்டி வாவியில் யாரும் தூண்டில் போடக் கூடாது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலுக்குக் குறுக்கே அணை கட்டத் தொடங்கி உண்டாக்கிய வாவி அது. தலதா மாளிகைக்கு முன்னால் கிடக்கிற தண்ணீரில் உயிர்க்கொலை ஆகாது என்பது ஊரின் எண்ணம். சனங்கள் பொரி வாங்கி எறிவார்கள், மீன்கள் வாயைத் திறந்துகொண்டு கரையோரம் குவியும். வாவி வெட்டுவதற்கு நூறு வருடத்துக்கு மேலாக முன்பிருந்தே இப்படி ஒரு வழக்கம் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி ராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், அரசனுக்காக யாரும் பிடிக்காமல், சோறு போட்டுப் பழக்கி வைத்திருந்த ஆற்று மீன்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

1681இல் லண்டனில் அச்சான அவருடைய புத்தகத்தில் மீன் பிடிக்கிற பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நெருக்கமாகக் குச்சி வைத்துப் பின்னிய கூடை. அடி அகலம், மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய். கணுக்கால் தண்ணீரில் நடந்தபடி அதைச் சேற்றில் குத்திக் குத்திப் போவார்கள். உள்ளே மீன் அகப்பட்டால் பக்கங்களில் மோதும், அந்த அதிர்வு பிடித்திருக்கிற கைக்குத் தெரியும். மேல்வாயால் கையை விட்டு எடுத்து, செவுளில் பிரம்பைக் கோத்து, பிரம்பின் மறுமுனையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த குத்துக்குப் போவார்கள். இதைத்தான் நாங்கள் கரப்பு என்கிறோம். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து தும்பறைப் பள்ளத்தாக்கின் கொக்கோத் தோட்டத்துக்கு வந்த என் தாத்தா ஊத்தா என்பார். கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவோடு இறங்கிய கதையை அவர் சொல்லாத கோடை இல்லை. தோட்டத்துக்குக் கீழே சிங்கள வயல்காரர் கையில் அதே கூடையைக் கண்டபோது அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கையை விடுமுன் கூடையின் அசைவைக் கேள் என்பது மட்டும் இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவான எச்சரிக்கை. விரால் ஓங்கி முட்டும். சுங்கான் சத்தமில்லாமல் கிடந்து, விரலை முள்ளால் குத்திவிடும். அந்த விஷம் இறங்க ஒரு பகல் ஆகும்.

மகாவலியில் பெரிய மீன்கள் நிறைய உண்டு, ஆனால் இந்தச் சனங்களுக்கு அவற்றைப் பிடிக்கத் தெரியாது என்று நொக்ஸ் சொல்கிறார். இந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. அவரே அடுத்து விவரிக்கிற முறையைப் பாருங்கள். நல்ல கோடையில் ஆற்றின் குறுக்கே ஒரு நீளக் கொடியைப் பிடித்து, அதில் நிறைய இலைக்கிளைகளைத் தொங்கவிடுகிறார்கள். அதை நீரோட்டத்தோடு கீழ்நோக்கி இழுத்துப் போகிறார்கள். இலை அசைவுக்கு மிரண்ட மீன் பாறை இடுக்குகளுக்கு ஓடுகிறது, அங்கே கூடுகள் காத்திருக்கின்றன. கல்லும் சுழலுமான அந்த ஆற்றில் வலையை இழுத்தால் வலை கிழியும். ஆற்றின் குணத்தை அறிந்து, கல்லையே தடுப்பாகவும் ஓட்டத்தையே ஆளாகவும் வைத்துக்கொண்ட பிடி இது. தெரியாதவர்கள் செய்கிற வேலையா இது?

“தண்ணிக்குத் தண்ணி பிடி மாறும்” என்பார் அப்பா. பழைய தெல்தெனியாவை ஒட்டிய ஆற்றில்தான் அவர் தூண்டில் பழகினார். லெகெல்லா என்ற பெரிய செதில் மீனுக்கு வேகமான ஓட்டமும் அடியில் கூழாங்கல்லும் வேண்டும். மரத்திலிருந்து ஆற்றில் விழுகிற பழத்தையும் தின்னும் மீன் அது. மாவுருண்டையை ஈயமில்லாமல் ஓட்டத்தில் விட்டு, தங்கூசியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பார். விலாங்குக்கு மழை ஓய்ந்த இரவு, மண்புழு, கல் அடுக்கு. விராலுக்கு வயலோரக் குட்டை, சின்னத் தவளை. ஆனால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மிதந்தால் அங்கே தூண்டில் இறங்காது. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், அவற்றை எடுத்தால் குஞ்சுகள் அன்றைக்கே வேறு மீனுக்கு இரை. பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் கடயா தூண்டிலுக்கு வரவே வராது. அதற்குக் கூடு, இல்லாவிட்டால் வீச்சு வலை. உலகத்தில் மகாவலிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத மீன் அது என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

எல்லாப் பிடியும் நல்ல பிடி என்று நான் சொல்ல வரவில்லை. மருக்காரைக் காயை இடித்து, ஓட்டம் நின்ற மடுவில் கலக்குவதும் பழைய முறைதான். அது பெரியது சிறியது பார்க்காது. பிறகு பாறை உடைக்கிற வெடி ஆற்றுக்கு வந்தது. ஒரு வெடியில் கடயாவின் ஒரு தலைமுறையே மல்லாந்து மிதக்கும், பாதி எடுக்கப்படாமலே அழுகும். சட்டம் தடுத்தும் அது நின்றபாடில்லை.

மேலே நுவரெலியாவில் வேறொரு உலகம். 1880களில் வெள்ளைக்காரர் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பொரிக்க வைத்தார்கள். 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் உண்டானது. இறகில் கட்டிய பொய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் வீசிப் பிடிப்பது துரைமாரின் பொழுதுபோக்கு. அந்தக் குளிர்நீர் மீன் கண்டிக்கு இறங்கி வரவில்லை, அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை.

எங்கள் ஆற்றை மாற்றியவை அணைகள். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, சுரங்கம் வழியாக மாத்தளைப் பக்கம் திருப்பினார்கள். 1985இல் 122 மீட்டர் உயரமான விக்டோரியா அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனியா நகரம் நீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அதன் இடிபாடுகள் வெளியே தெரியும், பார்க்கக் கூட்டம் வரும். நகரத்துக்காக வருந்தியவர்கள் உண்டு. அதனோடு மூழ்கிய கல்லோட்டங்களை நினைத்தவர்கள் குறைவு. விலாங்கு கடலில் பிறந்து ஆறேறி வருகிற மீன், அதன் வழியில் இப்போது சுவர்.

தேங்கிய நீருக்குத் தோதான மீன் திலாப்பியா. ஆபிரிக்க இனம், 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண்மீன் கரையோரத்தில் குழி பறிக்கும், பெண்மீன் முட்டையை வாயில் அடைகாக்கும். ஆற்றோட்டம் அதற்குத் தேவையில்லை. மாலையில் தோணியில் போய்த் தங்கூசி வலையை விட்டு, விடியலில் தூக்கினால் போதும். வலைக்கண் 8.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி, தங்கூசி வலைக்கே தடை. இரண்டும் தெரிந்தே மீறப்படுகின்றன. 1990இல் அரசு மதக் காரணம் சொல்லி நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கியது. குஞ்சாகக் கொண்டுவந்து விடுகிற கட்லாவும் ரோகுவும் நீர்த்தேக்கத்தில் இனம்பெருக்காதவை, ஆகவே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திலாப்பியாவோ யாரும் கேட்காமலே பெருகியது. லயத்து அடுப்புகளில் மலிவாக மீன் குழம்பு கொதித்ததற்கு அதுதான் காரணம், அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் ஒரே மீன், ஒரே வலை என்றாகிவிட்ட பிறகு, கொடி இழுக்கவும் கூடு வைக்கவும் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வயலில் மருந்து அடிக்கத் தொடங்கியதும் கரப்புக்கும் வேலை குறைந்தது. மலைச் சிற்றாறுகளில் இன்றும் சின்ன மின்நிலையங்களுக்குத் தண்ணீரைக் குழாயில் திருப்புகிறார்கள். கடயாவுக்கு மிஞ்சியிருப்பவை மகாவலிப் படுகையில் அங்கங்கே விடுபட்ட சில கல்லோட்டங்கள்தான். அவற்றில் கோடையிலும் ஓடுகிற அளவுக்குத் தண்ணீரை விட்டுவைப்பதும், வெடிக்காரரைப் பிடிப்பதும் அதிகாரிகளால் முடிகிற காரியம். அடுத்த திட்டத்துக்கு ஆற்றை அளக்க வருகிறவர்கள், கரையில் இருக்கிற கிழவர்களிடம் எந்தக் கல்லடியில் எந்த மீன் என்று முதலில் கேட்கட்டும்.