கோப்பி நோயும் மலையக உழைப்பும்

மலையக வரலாற்றை எழுதியோரிற் பலர் கோப்பியின் வீழ்ச்சியை இயற்கை அனர்த்தமாகவே விவரிப்பர். 1869இல் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொடி படர்ந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரியை ஆராய்ந்த பேர்க்கிலி, அப்பங்கசுக்கு ‘ஹெமிலியா வஸ்ராட்றிக்ஸ்’ எனப் பெயரிட்டார். இரு தசாப்தங்களுள் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. இக்கூற்றிலே தகவற் பிழை இல்லை. ஆயின் மூலதனமும் உழைப்பும் இதில் இடம்பெறவில்லை.

நுண்ணங்கிகள் நெருக்கடியிலே தப்பிப் பிழைக்கும் முறையை அறிவியல் பிற்காலத்திலேயே தெளிவுபடுத்தியது. பங்கசு தாக்கும்போது தாவரக் கலங்கள் ஐதரசன் பேரொட்சைட்டு முதலிய, தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் வடிவங்களை வெளிவிடுகின்றன. இவை புரதங்களையும் கொழுப்புகளையும் சிதைப்பவை. இவற்றைத் தீங்கற்றனவாக்கும் நொதியங்கள் பங்கசுகளிடம் உள்ளன. அத்தகைய காப்பு நொதியங்களுள் ஒன்றான சூப்பரொட்சைட்டு டிசுமுயூற்றேசின் தொழிற்பாட்டை மக்கோர்டும் பிரிடோவிச்சும் 1969இல் வெளிப்படுத்தினர். அதே ஆண்டில் புறொக்கும் பிறீசும் யெலோஸ்ரோன் வெந்நீரூற்றிலிருந்து, ஏறத்தாழ 70 பாகை செல்சியசிற் செழித்து வளரும் பற்றீரியமொன்றை விவரித்தனர். வெப்பநாட்ட நுண்ணங்கிகளிலும் இவ்வகைப் புரதங்கள் பின்னர் கண்டறியப்பட்டன. அவற்றுள் பேரொட்சிரெடொக்சின் தன் கந்தக அணுவையே ஒட்சியேற்றத்துக்கு ஈடுகொடுத்து, பிறிதொரு புரதத்தாற் சீர்செய்யப்பட்டு, மீண்டும் அதே பணிக்குத் திரும்புகின்றது.

எனினும், தாங்கும் திறன் இருந்தமையால் மட்டும் பங்கசு மலைநாட்டை வென்றுவிடவில்லை. 1880 முதல் 1882 வரை இங்கு ஆய்வு நடத்திய மார்ஷல் வார்ட், அதன் வித்திகள் காற்றிற் பரவி, ஈர இலையில் முளைத்து, இலைவாய்களினூடே உட்புகுவதைக் காட்டினார். ஒரே பயிர் இடையறாது பரந்திருந்தமை பரவலுக்கு வாய்ப்பளித்ததையும் அவர் உணர்ந்தார். நோய் தோன்றிய பின்னரும், 1870களில் விலை உயர்ந்திருந்தமையால் தோட்டங்கள் விரிந்துகொண்டே சென்றன. அத்தசாப்தத்தின் இறுதியிற் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. பங்கசுக்கு விருந்து படைத்தது இலாப வேட்கையே.

நட்டத்தைச் சுமந்தோர் யார்? 1884இல் ஓரியன்ரல் வங்கி வீழ்ந்தது. துரைமார் பலர் நொடித்தனர். தோட்டங்களிலோ கூலி நிலுவையாயிற்று. கங்காணியிடம் பட்ட கடன், தொழிலாளரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் ‘துண்டு’ முறையால் அவர்களைப் பிணித்தது. அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. கோப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பியோர் பலர். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிப்போரை வேண்டிற்று. இரயில் பாதை 1884இல் அற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபோது, லயன் அறைகளிற் குடும்பங்கள் நிலைகொள்ளத் தொடங்கியிருந்தன.

1946இல் தேயிலையையும் ஒரு பங்கசு தாக்கியது. அக்கொப்புள நோய்க்கு எதிராகச் செப்பு மருந்துகள் தெளிக்கப்பட்டன. பங்கசின் கலங்களில் ஒட்சியேற்ற நெருக்கடியை உண்டாக்குவதும் செப்பின் செயல்களுள் ஒன்றாகும். 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலையில் இயங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு செடி காக்கப்பட்டது. ஆனால், இரண்டே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அச்செடியிற் கொழுந்து பறித்தோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

மலையக மக்களின் தாங்கும் திறனை அவர்தம் இயல்பாகப் புகழ்வோர் இன்றும் உளர். நுண்ணங்கியின் தாங்குதிறனுக்குப் புரதங்களிலே விளக்கம் உண்டு. மக்களுடைய துன்பத்துக்கோ கூலிக் கணக்கிலும் கடன் துண்டிலும் சட்டப் புத்தகத்திலுமே விளக்கம் உண்டு. முன்னதை ஆராயும் முறையாற் பின்னதை விளக்க முற்படுவது, சுரண்டலை இயற்கை விதியாக்கி அதற்குப் பொறுப்பானோரை விடுவிப்பதாகவே முடியும்.