முதுமைக்கு எழுதிய உடன்படிக்கைகள்

பெற்றோரின் தள்ளாமையைப் பற்றி முன்கூட்டிப் பேசுவதை நம் குடும்பங்கள் பலவும் அபசகுனமாகவே கருதுகின்றன. மகளின் திருமணச் செலவைப் பத்தாண்டுகளுக்கு முன்பே கணக்கிடும் நாம், படுத்த படுக்கையாகிவிட்ட தாயை யார் பேணுவது, செலவை யார் ஏற்பது என்னும் வினாவை அந்நாள் வந்த பின்னரே எழுப்புகிறோம். இக்கவலை இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை தேடியிருக்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் வசதி படைத்தோர் துறவு மடங்களோடு 'கொரோடி' எனப்பட்ட ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வதுண்டு. ஒரு தொகையையோ நிலத்தையோ மடத்துக்கு முன்னதாகவே கொடுத்துவிட்டால், வாழ்நாள் முழுவதும் உணவும் பல வேளைகளில் உறைவிடமும் கிடைக்கும். இத்தனை அப்பம், இவ்வளவு பார்லி மது, சமையற்கூடத்திலிருந்து இன்ன உணவு, குளிர்காலத்துக்கு விறகு, இரவுக்கு மெழுகுதிரி என யாவும் எழுத்தில் குறிக்கப்பட்டன.

குடியானவர்களிடமும் இத்தகைய வழக்கம் இருந்தது. முதுமையடைந்த தந்தை தம் நிலத்தை மகனுக்கு மாற்றித் தரும்போது, ஆண்டுதோறும் தமக்கு இவ்வளவு கோதுமை, உடுக்க உடை, தங்க ஓர் அறை என நிலக்கிழாரின் மன்றத்தில் பதிவு செய்துவிடுவார். மகன் வாக்குத் தவறினால் மன்றம் தண்டம் விதிக்கலாம். நிலமும் அவன் கையை விட்டுப் போகலாம். பெற்ற மகனிடமே எழுதி வாங்குவதா என்று நாம் முகம் சுளிக்கலாம். ஆயினும் அந்த எழுத்து பாசத்துக்கு மாற்றாக அமையவில்லை. பாசம் தளரும் வேளையில் முதியவருக்குக் காவலாக நின்றது.

மடங்களின் ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. கையில் வந்த தொகை அன்றைய கடனுக்கே கரைந்தது. கொடுத்த வாக்கோ முதியவரின் இறுதி மூச்சு வரை நீடித்தது. எதிர்பார்த்ததற்கு மேல் அவர் வாழ்ந்தால் மடத்துக்கு இழப்பு. 1315 முதல் 1317 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் தானிய விலை பன்மடங்கு உயர்ந்தது. போதாக்குறைக்கு, அரசர்கள் தம் முதிய பணியாளர்களை மடங்களின் தலையில் சுமத்தினார்கள். அனுமதியின்றிக் கொரோடி விற்கலாகாது என ஆயர்கள் மீண்டும் மீண்டும் கண்டிக்க நேர்ந்தது. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களை ஒழித்தபோது, கொரோடி பெற்றிருந்தோர் பலருக்குப் பணமாக ஓய்வூதியம் கிடைத்தது. அடைக்கலமாக இருந்த இல்லமும் அதன் செபச்சூழலும் மீளவில்லை.

கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லாதவர்களுக்கு வழி என்ன? 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் சேன் செர்வான் நகரில், ழான் ஜுகான் என்னும் ஏழைப் பெண் பார்வையிழந்த ஒரு விதவை மூதாட்டியைத் தம் இல்லத்துக்கு ஏற்றுத் தம் படுக்கையையே கொடுத்தார். பின்னர்க் கூடையேந்தி வீடு வீடாகச் சென்று, முதியோருக்காக இரந்தார். அவரிடமிருந்து தோன்றிய 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை 1882இல் கொல்கத்தாவில் தன் முதல் இந்திய இல்லத்தைத் திறந்தது. 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக உயர்த்தினார். நிலையான வருமானத்தை ஏற்பதில்லை என அச்சபை எடுத்த முடிவு துறவியருக்குரிய அருங்கொடை. அந்த நம்பிக்கையைக் காரணம் காட்டிக் குடும்பப் பொறுப்பினின்று நாம் நழுவலாகாது.

நம் நாட்டில் 2007இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அப்பழைய மன்றத்தை நினைவூட்டுகிறது. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால், முதியவர் தீர்ப்பாயத்தின் வழியே மீட்கலாம். அந்நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதாமல் கையொப்பமிட்டவர்கள் பின்னர் வழக்காடித் தவிப்பதை நாம் காண்கிறோம். செலவிலும் இதே கவனம் தேவை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. வீட்டில் இரவும் பகலும் உடனிருக்கும் பணியாளரின் ஊதியம் மாதந்தோறும் குடும்பத்தின் கையிலிருந்தே போகிறது. அச்செலவு ஓராண்டில் முடியலாம், பத்தாண்டும் நீளலாம்.

பணத்தினும் கடினமானது முடிவெடுத்தல். சுமைமிக்க, அசாதாரண மருத்துவ வழிகளைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டியதில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957இல் மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தார். கருணைக்கொலையைத் திருச்சபை ஒருபோதும் ஏற்பதில்லை. உணவும் நீரும் பொதுவாக நோயாளிக்கு மறுக்கத் தகாதவை என்றும் கற்பிக்கிறது. சிகிச்சை குறித்த விருப்பத்தை முன்னரே எழுதிவைக்க நம் உச்ச நீதிமன்றம் 2018இல் வழி திறந்தது. 2023இல் அம்முறையை எளிதாக்கியது. நம் விருப்பத்தை எழுதும்போது திருச்சபையின் போதனையை அருகில் வைத்துக்கொள்வது நம் கடமை.

எனவே பெற்றோர் தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே பிள்ளைகள் அனைவரும் ஒருங்கே அமர வேண்டும். எங்கே வாழ விரும்புகிறார்கள், யார் உடனிருப்பார், யார் எவ்வளவு கொடுப்பார், நினைவு தவறினால் யார் முடிவெடுப்பார், நோயிற்பூசுதலுக்கு எப்போது குருவானவரை அழைப்பது என்பவற்றைப் பெற்றோரின் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மகனையும், அருகிலிருந்து உடல் தேயப் பணிபுரியும் மகளையும் ஒரே தராசில் நிறுத்தக் கற்க வேண்டும். பிள்ளையற்ற முதியோருக்காக அன்பியங்கள் இப்பேச்சைத் தொடங்கலாம். தவக்காலத்து மாலைகளுள் ஒன்றை இதற்கென ஒதுக்குவோமாக.