ஏழு அடி வெட்டின பாய்மரம்

பழைய சின்னப் பாய்ப்படகு சல்லிசா கிடைச்சிடும். பலகை உளுத்திருந்தா மாத்திக்கலாம். பாய்மரம் போயிருந்தாத்தான் வாங்கினவர் திணறிப்போவார். அதே உயரத்துக்குப் புதுசு கேட்டா சில சமயம் படகு விலையையே தாண்டிடும். கையில காசில்லாத ஒரு மாலுமி இதை எப்படிச் சமாளிச்சார்னு இன்னைக்குப் பார்ப்போம்.

அவர் பேர் ஜோஷுவா ஸ்லோகம். (நம்ம காதுக்கு சுலோகம் மாதிரிதான் கேட்கும், என்ன செய்ய.) பெரிய பாய்க்கப்பல்களின் கேப்டன். 1887-ல் பிரேசில் கரையில் அவருடைய சொந்தக் கப்பல் தரைதட்டி நாசமாச்சு, அதோட அவர் சொத்தும் போச்சு. நீராவிக் கப்பல் வந்துவிட்ட காலம், பாய்க்கப்பல் கேப்டனுக்கு வேலை கிடைக்காது. 1892-ல் ஈபன் பியர்ஸ் என்கிற திமிங்கில வேட்டைக் கேப்டன், "உனக்கு ஒரு கப்பல் தரேன்"னு அமெரிக்காவில் ஃபேர்ஹேவன் ஊருக்குக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தா, வயல்ல முட்டுக்கொடுத்து நிறுத்தின, சிப்பி பிடிக்கிற ஒரு கிழப் படகு. பேர் 'ஸ்ப்ரே'. நீளம் 37 அடிக்குக் கொஞ்சம் குறைவு.

ஸ்லோகம் அதைக் கிட்டத்தட்ட முழுசா மாத்திக் கட்டினார். ஓக் மரத்தை அவரே வெட்டினார். பாய்மரத்துக்கு நியூ ஹாம்ப்ஷயர் ஸ்ப்ரூஸ். எடை குறைவு, நேரா வளரும், வளைஞ்சு கொடுக்கும். பொருள் செலவு மொத்தம் 553 டாலர் 62 சென்ட். உழைப்பு பதிமூணு மாசம். நடுநடுவே துறைமுகத்தில் திமிங்கிலக் கப்பல்களில் கூலி வேலை பார்த்துத்தான் அந்தக் காசையும் புரட்டினார்.

1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து தன்னந்தனியா உலகைச் சுற்றக் கிளம்பினார். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் புவெனஸ் ஐரிஸ். அடுத்து மகெல்லன் நீரிணை, பேய்க்காத்து. அங்கே பாய்மரத்தைக் கழற்றி ஏழு அடி வெட்டிக் குறைச்சார். முன்னால் நீட்டிக்கிட்டிருக்கிற மரத்தையும் ஐந்தடி அளவுக்குக் குறைச்சார். காத்து எவ்வளவு உயரத்தில் பாயைத் தள்ளுதோ, அவ்வளவுக்குப் படகு சாயும். உயரம் குறைஞ்சா வேகம் கொஞ்சம் போகும், ஆனா ஒத்த ஆள் சமாளிக்கலாம். பிறகு நீரிணையிலேயே பின்பக்கம் ஒரு குட்டிப் பாய்மரம் நட்டார். பெரிய பாயோட பாரம் குறைஞ்சது, படகைத் திருப்புறதும் சுலபமாச்சு.

மரம் வாங்கப் போறவங்க இதைத்தான் கவனிக்கணும்னு நான் சொல்வேன். பழைய அளவு வேதவாக்கு இல்லை. கிடைக்கிற மரம் குட்டையா இருந்தா, பாயை அதுக்கேத்த மாதிரி வெட்டித் தைச்சுக்கலாம். குட்டை மரத்துக்கு ஆளும் நிறைய இருக்கு, விலையும் கம்மி.

1896-ல் சமோவாவில் எழுத்தாளர் ஸ்டீவன்சனின் மனைவி ஃபேனி அவருக்குத் தன் தோட்டத்து மூங்கிலைக் கொடுத்தார். ஸ்டீவன்சன் அப்போ உயிரோட இல்லை. அந்த மூங்கிலோட அடித்துண்டு, ஊர் திரும்பும்போது முன்பாய்க்குக் கம்பா உழைச்சது. காசே இல்லாத சரக்கு!

ஆனா ஒண்ணில் மட்டும் ஸ்லோகம் சிக்கனம் பார்க்கலை. ஊர் திரும்புற கடைசிக் கட்டத்தில் பாய்மரத்து உச்சியில் முன்கயிறு அறுந்து, பாயோட கடல்ல விழுந்தது. மரம் நாணல் மாதிரி ஆடிச்சு, ஆனா விழலை. அடியில் அதை அவ்வளவு இறுக்கமா நட்டிருந்தார். ஆடுற மரத்தில் ஏறுறது சுலபமில்லை. ஆனாலும் கப்பியும் கயிறும் போட்டு முன்கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டினார். 1898 ஜூன் 27-ல் அதே மரத்தோட நியூபோர்ட் வந்து சேர்ந்தார்.